பாறையேறும் ஆர்சி வண்டிகள்: கிளப்பில் ஸ்பெக் பிரிவு வேண்டுமா?

செம்பாறை (பீனிக்ஸ், அரிசோனா)

ரிமோட்டில் இயக்கும் சிறிய வண்டிகளை (ஆர்சி) பாறைமேல் ஏற்றிப் போட்டியிடும் எங்கள் கிளப்பில் அடுத்த பருவத்துக்கான விதிகளை முடிவு செய்யும் கூட்டம் நெருங்குகிறது. ஸ்பெக் பிரிவு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் இங்கே ஒருமுறை வாதாடிப் பார்த்துவிடலாம் என்று வந்தேன். தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் என் வாதத்தில் எங்கே ஓட்டை என்று எனக்கே பிடிபடும்.

ஸ்பெக் பிரிவு என்றால் எல்லோரும் ஒரே மாதிரி வண்டியை, ஒரே டயரோடு, ஒரே மோட்டாரோடு ஓட்டுவது. ஜெயிப்பது விரல்தான், பணப்பை அல்ல.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு போட்டியில் நான்காவது கேட், அதாவது வண்டி நடுவே கடக்க வேண்டிய கொடி ஜோடி, ஒரு சரிவான கருங்கல்லின் விளிம்பில் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, கடையில் வாங்கியதை அப்படியே கொண்டுவந்திருந்தாள். எங்கே ஏற வேண்டும் என்று குனிந்து, இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்து, சரியான வழியைத்தான் பிடித்தாள். முன் டயர் விளிம்பைத் தொட்டது. பின் டயர் கல்லைப் பிடிக்காமல் சுழன்றது. மூக்கு மேலே எழும்பி, வண்டி மெல்லப் பின்னால் சாய்ந்து கவிழ்ந்தது. மூன்று முறை முயன்றாள், மூன்று முறையும் அதே இடம்.

அடுத்து என் முறை. அவள் பிடித்ததைவிட மோசமான வழியில் போனேன், ஏறிவிட்டேன். என் வண்டியின் முன் அச்சில் கனத்துக்காகப் பித்தளை நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு), பித்தளைப் போர்டல் மூடி (சக்கரத்தருகே உள்ள கியர்ப் பெட்டியின் மூடி), சக்கரத்துக்குள் பித்தளை வளையம். டயரோ நகத்தால் அழுத்தினால் குழி விழுகிற மென்மையான ரப்பர். போட்டி முடிந்ததும் அவள் என் வண்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "முன்னாடி மட்டும் இவ்வளவு கனமா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

அன்றைய வெற்றியை என்னால் வெற்றி என்று நினைக்க முடியவில்லை. சொல்லுங்கள்.

கருங்கல் (ஆஸ்டின், டெக்சாஸ்)

வணக்கம். நான்கு ஆண்டுகளாக எங்கள் கிளப்பில் வண்டிகளைச் சோதித்து அனுப்புகிறவன் நான். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்பெக் பிரிவு வேண்டாம் என்பேன்.

நாங்கள் செய்து பார்த்தோம். "பெட்டியில் வந்தபடியே" என்று விதி போட்டோம். முதல் மாதம் பதினொரு பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் மூன்று பேர். இடையில் நடந்ததெல்லாம் சண்டை. ஒருவருக்கு அச்சின் பேரிங் போய்விட்டது, வேறு நிறுவனத்தின் பேரிங்கைப் போட்டார். அது பெட்டியில் வந்ததா? இல்லை. அவரை விலக்க வேண்டுமா? இன்னொருவர் டயருக்குள் இருக்கும் நுரையை ஓரத்தில் வெட்டியிருந்தார். வெட்டினால் டயர் கல்லின் மேல் மடங்கி அகலமாகப் படியும், பிடிப்பு கூடும். நுரை பெட்டியில் வந்ததுதான், கத்தி மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது! டயர் சக்கரத்தில் ஒட்டியிருக்கும்போது பிரித்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பிரித்தால் டயர் பாழ்.

ஷாக்குக்குள் (அதிர்வு தாங்கி) எந்த எண்ணெய் என்று தெரியாது. மோட்டார் டப்பாவின் மேலே அச்சிட்ட எண்தான் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேசை போட்டு நண்பர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் வேலை எனக்கு அலுத்துவிட்டது. பந்தயத்தைவிட அந்த மேசைதான் எங்கள் பிரிவைக் கொன்றது.

இரட்டைப் பெட்டி (எடிசன், நியூ ஜெர்சி)

நானும் என் மகனும் சேர்ந்து ஓட்டுகிறோம். கருங்கல் அண்ணா சொல்வது உண்மை. ஆனால் ஒரு தாயாக நான் பார்ப்பது வேறு.

குழந்தைகள் தோற்பதால் போவதில்லை. என் மகன் ஒரு பருவம் முழுக்கக் கடைசி இடத்தில் வந்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எழுப்பிவிட வேண்டியிருக்கவில்லை. அவனைக் கலங்கடித்தவை இரண்டுதான். ஒன்று, காத்திருப்பு. ஏற்கெனவே மூன்று பிரிவு. ஒவ்வொருவருக்கும் ஒரு தடத்துக்கு ஏழு எட்டு நிமிடம். இன்னொரு பிரிவு சேர்ந்தால், ஒரு தடம் முடிந்து அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் கல்லின் மேல் உட்கார வேண்டும். நடுவர்களும் நாமேதான், வானத்திலிருந்து வரப்போவதில்லை.

இரண்டாவது, உடைந்த பாகம். ஒருமுறை முதல் தடத்திலேயே பின் டிரைவ் ஷாஃப்ட் முறிந்தது. எங்களிடம் மாற்று இல்லை. பதினான்கு பேர் வந்திருந்தார்கள், பத்து வகை வண்டி. யாருடையதும் பொருந்தவில்லை. அன்று முழுவதும் அவன் மற்றவர்களுக்குக் கேட் கொடி நட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் ஒரே வண்டி என்றால், யாரோ ஒருவர் பெட்டியில் அந்த ஷாஃப்ட் இருந்திருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பெக் பிரிவை ஆதரிப்பேன். ஆனால் இருக்கும் ஒரு பிரிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள், கூட்டாதீர்கள்.

உளிச்சத்தம் (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1987இல் டமியா நிறுவனம் 'கிளாட் பஸ்டர்' என்று ஓர் ஆர்சி மான்ஸ்டர் டிரக்கை வெளியிட்டது. ஒவ்வோர் அச்சிலும் தனித்தனி மோட்டார். பின்னாளில் சிலர் அந்த அச்சுகளை மட்டும் கழற்றி, அலுமினியக் குழாயில் சட்டகம் வளைத்து, கல் ஏற விட்டார்கள். பாறையேறும் வண்டி என்று கடையில் ஒன்றும் கிடைக்காத காலம் அது. 2008 வாக்கில் ஆக்ஸியலின் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் வந்த பிறகுதான் மேசையில் பெட்டியைப் பிரித்து வண்டி எடுக்கும் வசதி பரவலானது. அதுவரை கட்டியவன்தான் ஓட்டினான்.

நான் என் லிங்க்குகளின் (அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் தண்டுகள்) கோணத்தை மாற்றி மாற்றி ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்தவன். மேல் லிங்க் சட்டகத்தில் பொருந்தும் துளையை நான்கு மில்லிமீட்டர் மேலே ஏற்றினேன். செங்குத்தில் த்ராட்டிலை அழுத்தியதும் பின்புறம் எழும்பிக்கொண்டு குதிக்கும் பழக்கம் அதோடு நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. அது பணத்தால் வந்ததல்ல, ஒரு துளையிடும் கருவியாலும் பொறுமையாலும் வந்தது. "எல்லோரும் ஒரே வண்டி" என்று நீங்கள் சொன்னால் அந்த இரவை என்னிடமிருந்து பிடுங்குகிறீர்கள்.

கொங்கு அச்சு (கோயம்புத்தூர்)

எங்கள் ஊரில் பாறையேறும் வண்டி வைத்திருப்பவர்கள் கைவிரலில் எண்ணிவிடும் அளவுதான். ஆனால் ஸ்பெக் என்ற விஷயம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல.

பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் ஃபார்முலா மாருதியை உருவாக்கியது இந்த ஊரில்தான். மாருதி 800இன் எஞ்சினைப் பின்னால் வைத்த ஒற்றை இருக்கைக் கார். வெளிநாட்டுக் கார் இறக்க வசதியில்லாத பிள்ளைகளும் பந்தயம் ஓட்ட அது ஒரு வாசல். பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்தக் காரில்தான். பின்னர் ஸ்விஃப்ட் எஞ்சினோடு ஃபார்முலா எல்ஜிபி வந்தது. செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே வேலியருகே நின்று பார்த்தால் காருக்குக் கார் வித்தியாசம் தெரியாது. வளைவில் பிரேக்கை யார் எப்போது விடுகிறார் என்பது மட்டும் தெரியும். எனவே செம்பாறை அண்ணாவின் ஆசையின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அருகிலிருந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. கார் ஒன்றாக இருந்தால் பணம் ஓய்வெடுக்காது. விதி எதைத் தொடவில்லையோ அந்த மூலைக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்பது பழைய, மலிவான மாஸ்டா மியாட்டா கார்களை வைத்துத் தொடங்கிய பிரிவு. இன்று அங்கே முன்வரிசையில் வருபவர்கள் எஞ்சினைத் தேர்ந்த கைகளிடம் கொடுத்துக் கட்டி வாங்குகிறார்கள்.

ஆகவே "எந்த வண்டி?" என்பதிலிருந்து தொடங்காதீர்கள். "கல்லில் ஏறுவதைத் தீர்மானிப்பது எது?" என்பதிலிருந்து தொடங்குங்கள். அதை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். கார்ப் பந்தயத்தில் அது எஞ்சின். உங்கள் பந்தயத்தில் அது மோட்டார் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிள்ளான் வேர் (சிலாங்கூர், மலேசியா)

கொங்கு அச்சு சொன்னதைத்தான் நாங்கள் தெரியாமலே செய்தோம்.

எங்கள் இடம் உங்கள் கல் போல் அல்ல. செம்மண், மரவேர், மழை பெய்தால் சோப்புப் போல வழுக்கும் பாசிக்கல். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒருவரிடம் புதிய டிஆர்எக்ஸ்-4, ஒருவரிடம் பழைய எஸ்சிஎக்ஸ்10, ஒருவரிடம் தாத்தா காலத்து டமியா. ஒரே வண்டி என்று சொன்னால் பாதிப் பேர் வீட்டோடு இருந்துவிடுவார்கள். அதனால் டயரை மட்டும் ஒன்றாக்கினோம். 1.9 அங்குலச் சக்கரத்துக்கு ஒரே டயர், ஒரே நுரை. கூட்டாகப் பணம் போட்டு மொத்தமாக வாங்கினோம். டயர் பொதுப் பையில் இருக்கும். காலையில் குலுக்கல் போட்டு ஆளுக்கு நான்கு. மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நுரையை வெட்டலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, நாளைக்கு அது யார் கையில் போகும் என்று தெரியாது!

முதல் இரண்டு முறை நல்ல டயர் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? எல்லோரும் தடத்தை நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் வண்டியை இறக்கி நேராக விடுவதுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த டயரின் தயாரிப்பை நிறுவனம் நிறுத்திவிட்டது. மென்மையான ரப்பர் வெயிலிலும் காலத்திலும் இறுகும். எனவே எத்தனை செட் வாங்கினாலும் இரண்டு பருவத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

செம்பாறை

எல்லோருக்கும் நன்றி. கொங்கு அச்சின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன், என் வண்டியையும் பெட்டியில் வந்தபடியே இருக்கும் ஒரு வண்டியை நண்பரிடம் கடன் வாங்கி அதையும் எடுத்துக்கொண்டு அந்த நான்காவது கேட்டுக்கே போனேன்.

முதலில் சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். முன் சக்கரங்களை மட்டும் தராசில் வைத்து, பின் சக்கரங்களை அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி நிறுத்தினால் முன்பக்கத்தின் பங்கு கிடைத்துவிடும். என் வண்டி மொத்தம் 3.1 கிலோ, அதில் நூற்றுக்கு அறுபது முன்னால். கடன் வண்டி 2.4 கிலோ, ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

கடன் வண்டியை அப்படியே விட்டேன். பத்து முயற்சியில் ஒன்றுதான் ஏறியது. பிறகு என் சக்கரங்களைக் கழற்றி, உள்ளிருந்த பித்தளை வளையத்தை எடுத்துவிட்டு, வெறும் டயரும் நுரையுமாக அதில் மாட்டினேன். பத்துக்கு ஆறு! மோட்டார் அதே பழைய பிரஷ் மோட்டார், முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோவும் அதே பலவீனமான சர்வோ. பித்தளை வளையத்தையும் திரும்பப் போட்டேன். பத்துக்கு எட்டு.

அடுத்து என் வண்டிக்குப் பெட்டி டயரைப் போட்டேன். நவீன பிரஷ்லெஸ் மோட்டார், முன் சக்கரம் பின்னதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும் கியர், விலையுயர்ந்த சர்வோ, எல்லாம் அப்படியே இருக்கின்றன. பத்துக்கு மூன்று. பெருமைப்பட்டு வாங்கியவை அத்தனையும் அந்த விளிம்பில் கைகட்டி நின்றன.

ஒரே ஒரு கல், ஒரே ஒரு காலை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணால் பார்த்துவிட்டேன். கல்லைத் தொடுவது டயர். டயரைக் கல்லில் அழுத்துவது எடை. இந்த இரண்டையும் பூட்டினால் போதும். என் முன்மொழிவை இப்படி மாற்றுகிறேன்.

வண்டி எதுவாகவும் இருக்கலாம். டயரும் நுரையும் கிளப்பினுடையவை, கிள்ளான் வேர் சொன்னதுபோல் குலுக்கலில் வரும். சக்கரத்துக்குள் எடை கூடாது. மொத்த எடைக்கு ஓர் உச்ச வரம்பு, முன் அச்சின் பங்குக்கும் ஓர் உச்ச வரம்பு. லிங்க் கோணம், ஷாக் எண்ணெய், கியர், மோட்டார் எதையும் கேட்கப்போவதில்லை. உளிச்சத்தம் அண்ணா, உங்கள் துளையிடும் கருவிக்கு இந்தப் பிரிவிலும் வேலை உண்டு. உங்கள் நான்கு மில்லிமீட்டர் இங்கே இன்னும் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அதை மூடி மறைக்க மென்மையான டயர் இருக்காது.

இரட்டைப் பெட்டி

டயரை மாட்டிக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும், செம்பாறை? காலையில் பன்னிரண்டு பேர் நாற்பத்தெட்டுச் சக்கரத்தில் டயர் ஒட்டிக்கொண்டு நின்றால் வெயில் வந்துவிடும்.

கிள்ளான் வேர்

டயரை மட்டும் அல்ல, சக்கரத்தோடு சேர்த்துத்தான் பையில் வைத்திருக்கிறோம் அக்கா. சக்கரத்தை அச்சோடு பூட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் அறுகோணத் துண்டு (ஹெக்ஸ்) பெரும்பாலான 1/10 அளவு வண்டிகளுக்குப் பொருந்தும். சக்கரத்துக்கு ஒரு நட்டைத் திருகினால் போதும். நான்கு நிமிடம்.

கருங்கல்

டயர் குலுக்கலை மனதார ஏற்கிறேன். என் மேசையில் பாதி சந்தேகம் அதோடு தீர்ந்துவிடுகிறது.

எடை வரம்பில் மட்டும் கவனம் தேவை. பழைய எஃகுச் சட்டக வண்டி இயல்பாகவே கனம். அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் புதிதாக வாங்க முடியாதவர். மொத்த எடையை 2.6 கிலோ என்று இறுக்கினால் யாருக்காக இந்தப் பிரிவைத் தொடங்குகிறோமோ அவரையே வெளியே தள்ளுவோம். மேல் வரம்பைத் தாராளமாக வையுங்கள், முன் பங்கின் வரம்பை இறுக்குங்கள். நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று வைத்தால், பித்தளையை முன்னால் ஏற்றுகிறவர் பின்னாலும் ஏற்ற வேண்டிவரும். செங்குத்தில் பின்னால் உள்ள கனம் கீழே இழுக்கும். அவராகவே கழற்றிவிடுவார். விதி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

முழு அளவு வண்டிகளிலும் இந்த யோசனை புதிதல்ல. கலிஃபோர்னியாவில் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடக்கும் 'கிங் ஆஃப் தி ஹாம்மர்ஸ்' பந்தயத்தில் 4400 என்ற தடையற்ற (மாற்றங்களுக்கு வரம்பில்லாத) பிரிவும் உண்டு, 4600 என்ற சாதாரண வண்டிகளின் பிரிவும் உண்டு. சாதாரணப் பிரிவில் ஒரே நிறுவனத்தின் வண்டி என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் டயர் அளவுக்கு வரம்பு வைக்கிறார்கள். பெரியவர்களும் டயரில்தான் கைவைத்திருக்கிறார்கள்.

உளிச்சத்தம்

என் முதல் பதிவின் சூட்டை மன்னியுங்கள். டயரும் எடையும் மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஒரு நிபந்தனை. தடையற்ற பிரிவைத் தொடாதீர்கள். இரட்டைப் பெட்டி சொன்னதுபோல் ஒரு பிரிவை எடுக்க வேண்டும் என்றால், எங்கள் கிளப்பில் இருப்பதுபோன்ற அந்த நடுப் பிரிவை எடுங்கள். அதில் ஓட்டுகிறவர்கள் மேலே ஏறிவிடலாம், அல்லது கிளப் டயரைப் போட்டுக்கொண்டு கீழே வரலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். தடம் அமைக்கிறவர் மாற வேண்டும். எடை ஏற்றிய வண்டியை மனதில் வைத்து நட்ட கேட்டில் டயரை மட்டும் சமமாக்கி என்ன பயன்? கொடிக்குச்சிகளைக் கையில் எடுக்கும் முன், தடம் போடுபவர் கிளப் டயர் மாட்டிய ஒரு வண்டியில் அந்த வழியை ஒருமுறையாவது ஏறிக் காட்டட்டும். எங்கள் கிளப்பில் ரிவர்ஸுக்கு ஒரு புள்ளி, கேட்டைத் தட்டினால் பத்துப் புள்ளி, குறைந்த புள்ளிக்கு வெற்றி. ஏறவே முடியாத கேட் என்றால் எல்லோருக்கும் ஒரே உச்சப் புள்ளிதான் விழும். அதில் யார் திறமைசாலி என்று தெரியாது.

கொங்கு அச்சு

ஒரு கேள்வி. வண்டியே இல்லாதவர்?

செம்பாறை

அதையும் சேர்த்திருக்கிறேன். கிளப் நிதியில் இரண்டு 1/10 வண்டிகள். முதல் முறை வருகிறவர் எடுத்து ஓட்டலாம். ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24, டிஆர்எக்ஸ்-4எம் மாதிரிச் சிறிய வண்டிகளை வாங்கினால் மலிவாக முடியுமே என்று ஒருவர் கேட்டார். அவை வீட்டுத் தோட்டத்துக்கு அருமையானவை, ஆனால் நம் தடத்தில் ஒரு கூழாங்கல்லே அவற்றுக்கு மலை. வேண்டுமானால் பக்கத்தில் தனியாக ஒரு சிறிய தடம் போடலாம், அதற்கு நடுவர் தேவையில்லை.

கூட்டம் நேற்று நடந்தது. இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் ஆதரித்தார்கள். நடுப் பிரிவு போகிறது. முன் பங்கு ஐம்பத்தைந்து, ஒரு பருவத்துக்குச் சோதனையாக. பதினைந்து செட் டயருக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். வண்டி அலமாரியில்தான் இருக்கிறதாம், விற்கவில்லை. "அதே நான்காவது கேட் இருக்குமா?" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

கருங்கல்

அப்படியென்றால் அந்தக் கேட்டை யாரும் அகலப்படுத்தவும் வேண்டாம், கல்லை நகர்த்தவும் வேண்டாம். எடை பார்க்கும் முறையை எனக்கு விரிவாக எழுதி அனுப்புங்கள், படத்தோடு. பேட்டரியோடு வைத்தீர்களா, எடுத்துவிட்டா? எங்கள் கூட்டம் அடுத்த வாரம். இந்த முறை மேசையில் தராசு ஒன்றுதான் இருக்கும்.